வீட்டு வேலைக்கு கார்ட்லெஸ் ட்ரில்: எத்தனை வோல்ட், எத்தனை பேட்டரி?

ஜனவரி 9, சாயங்காலம் 6:15 (கேள்வி)

வீட்ல சின்னச் சின்ன வேலைக்கு ஒரு கார்ட்லெஸ் ட்ரில் வாங்கணும். கர்ட்டன் ராடு மாட்டணும், அலமாரி கீல் ஆடுது, ரெண்டு மூணு ஷெல்ஃப் அடிக்கணும், அவ்ளோதான். 18 வோல்ட்னு ஒண்ணு, 20 வோல்ட்னு ஒண்ணு பாத்தேன், 20தானே பவர் ஜாஸ்தி? ட்ரில், இம்பாக்ட் (தட்டித் தட்டித் திருகு இறக்குற மெஷினு), இரும்பு வெட்டுற கிரைண்டர், ரம்பம், ரெண்டு 5 ஆம்ப் ஹவர் கொள்ளளவு பேட்டரி எல்லாம் சேத்து பெரிய கிட் ஒண்ணு இருக்கு. ஒரே தடவை வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் கவலை இல்லங்கிறாங்க. சரிதானா?

ஜனவரி 9, ராத்திரி 10:50 (பதில்)

18 வோல்ட், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்), பெரிய பேட்டரி ரெண்டு. யோசிக்காம வாங்குங்க. நானும் இதே மாதிரி ஒரு பெரிய கிட்தான் ஆறு வருஷம் முன்னாடி வாங்கினேன். 20ல கொஞ்சம் இழுவை கூட இருக்கும்போல, பாத்து எடுத்துக்கங்க.

ஜனவரி 10, காலை 7:20

நேத்து தூக்கக் கலக்கத்துல எழுதினது. 20 பத்தி சொன்னத அடிச்சிடுங்க, தப்பு.

காலைல எந்திரிச்சு சார்ஜர்ல இருந்து எடுத்த சூட்டோட என் 18 வோல்ட் பேட்டரில மல்டிமீட்டர் வச்சேன். 20.6 காட்டுச்சு. 18னு ஒட்டின பேட்டரிதான் இது. உள்ள லித்தியம் செல் அஞ்சு வரிசையா இருக்கு. ஒரு செல்லு ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், அஞ்சுக்கு 21. வேலை செய்யும்போது சராசரியா 3.6ல நிக்கும், அஞ்சுக்கு 18. உச்சத்த எழுதுறவன் 20 மேக்ஸ்ங்கிறான், சராசரிய எழுதுறவன் 18ங்கிறான். அதே கணக்குலதான் 12 வோல்ட்னு விக்கிறதும் மூணு செல், நிஜத்துல 10.8. 40 மேக்ஸ்னு போட்டிருந்தா பத்து செல், 36. ஒரே ஆளு ஃபோட்டோவுக்கு எக்கி நின்ன மாதிரி.

ஆக 18, 20 குழப்பம் முடிஞ்சுது. மிச்சம் எல்லாத்துக்கும் நான் நேத்து சொன்னது சரி. (பின்னாடி சேத்தது: இந்த வரிய ஞாபகம் வச்சுக்கங்க, எனக்கே ஆப்பு.)

ஜனவரி 10, மதியம் 1:40

கர்ட்டன் ராடுன்னு சொல்லியிருக்கீங்க. அத நான் நேத்து கவனிக்கவே இல்ல. ஜன்னலுக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தீங்களா? செங்கல் சுவர்னா ஒரு கதை, கான்கிரீட் லிண்டல்னா வேற கதை.

என் கதை லிண்டல். கிட் வந்த மொத ஞாயித்துக்கிழமை, ஸ்டூல் மேல ஏறி நின்னு, சுத்தியல் படம் போட்ட இடத்துக்குத் திருப்பி வச்சுட்டு 6 எம்எம் கான்கிரீட் பிட்டப் போட்டு அமுக்கினேன். பூச்சு வரைக்கும் வெண்ணெயா இறங்குச்சு. அப்புறம் டக்குனு நின்னுடுச்சு, உள்ள ஜல்லி. அமுக்குறேன், அமுக்குறேன், காது கிழியுது, தூசு மட்டும் ஒரு சிட்டிகை சிட்டிகையா மூஞ்சில விழுது. ஒரு பேட்டரி தீந்துச்சு. அடுத்ததப் போட்டேன். அதுவும் பாதி போச்சு. பிட்ட வெளிய எடுத்துப் பாத்தா நுனி நீலம் பாரிச்சு, கார்பைடு முனை பாதி உதிந்து கெடக்கு. ஓட்டை எவ்ளோ ஆழம்னு தீக்குச்சி விட்டு அளந்தேன், 8 எம்எம். வேண்டியது 40.

அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் அவரோட பழைய வயர் வச்ச ரோட்டரி ஹேமர கையில குடுத்து, "அமுக்காத, சும்மா புடிச்சுக்க, அதுவே போகும்"னார். நாலு ஓட்டையும் போட மொத்தமா ரெண்டு நிமிஷம் ஆகல.

ஏன்னு பின்னாடிதான் புரிஞ்சுக்கிட்டேன். நம்ம ட்ரில்ல ஹேமர்னு போட்டிருக்கே, அதுக்குள்ள பல்லு வச்ச ரெண்டு தட்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஏறி இறங்குது. அந்தக் குதிப்புதான் அடி. எவ்ளோ அமுக்குறோமோ அவ்ளோதான் அடி, அதுவும் செல்லமா தட்டுற அடி. ரோட்டரி ஹேமர்ல பிஸ்டன் ஒண்ணு காத்த அமுக்கி, அந்தக் காத்து உள்ள இருக்கிற சுத்திய பிட்டு மேல அடிக்குது. நம்ம தெம்பு தேவையே இல்ல. பிட்டும் வேற, எஸ்டிஎஸ் பிளஸ்னு காடி வெட்டின 10 எம்எம் தண்டு, சாதா ட்ரில்லோட பிட் புடிக்கிற வாய்ல (சக்கு) புடிக்காது.

அதனால செங்கல்னா உங்க கார்ட்லெஸ் ஹேமர் ட்ரில்லு தாராளமாப் போதும். கான்கிரீட்னா வயர் வச்ச ரோட்டரி ஹேமர் ஒண்ண யார்கிட்டயாவது ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்க. வருஷத்துக்கு நாலு ஓட்டைக்கு அதையும் பேட்டரில வாங்கணும்னு ஒண்ணும் இல்ல.

ஜனவரி 10, மதியம் 2:05

"ரிவர்ஸ்ல ஓடிட்டு இருந்துச்சான்னு பாத்தீங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

லிண்டல்ல இல்ல. அது வேற ஒரு நாள், மரத்துல. பத்து நிமிஷம். மரம் புகைஞ்சுது. இதுக்கு மேல கேக்காதீங்க.

ஜனவரி 11, ராத்திரி 9:30

ஆம்ப் ஹவர் பத்தி ரெண்டு பேர் கேட்டீங்க. 2 ஆம்ப் ஹவருக்கும் 4க்கும் ஓடுற நேரம் மட்டும்தான் வித்தியாசம்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அது பாதிதான்.

2 ஆம்ப் ஹவர் பேட்டரிக்குள்ள அஞ்சு செல். பெரும்பாலும் 18650, அதாவது 18 எம்எம் குண்டு, 65 எம்எம் நீளம், பழைய லேப்டாப் பேட்டரில வர்ற அதே சைஸ். 4, 5 ஆம்ப் ஹவர்ல பத்து செல், ரெண்டு ரெண்டா ஜோடி போட்டு. (சில புது 4ல 21700ங்கிற தடிச்ச செல்லு அஞ்சே போதும்.) இப்போ கிரைண்டர எடுத்துக்கங்க. இரும்ப வெட்டும்போது 700 வாட் இழுக்குதுன்னு வச்சா, 18 வோல்ட்ல கிட்டத்தட்ட 40 ஆம்ப். அஞ்சு செல் பேட்டரில அந்த 40ம் ஒவ்வொரு செல் வழியாவும் போகணும். பத்து செல்லுன்னா ஆளுக்கு 20. செல்லுக்குள்ள ஒரு 15 மில்லி ஓம் தடைன்னு போட்டுப் பாருங்க, அஞ்சுக்கு 75, 40 ஆம்ப்ல மூணு வோல்ட் உள்ளயே போயிடுது, சூடா. அதான் சின்ன பேட்டரியப் போட்டா கிரைண்டர் மூச்சு வாங்குது, பேட்டரி தொட முடியாமக் கொதிக்குது, அப்புறம் அதுவே ஆஃப் ஆயிடுது. டூல் மேல தப்பே இல்ல.

ஆனா கீல் மாட்டுற திருகுக்கு இந்தப் பிரச்சனை எதுவும் கிடையாது. மரத்துல 3 எம்எம் ஓட்டை போட அந்தப் பேட்டரிக்கு கொட்டாவிதான் வரும். சரி, அப்போ உங்களுக்கு எதுக்கு 5 ஆம்ப் ஹவர்? இத டைப் பண்ணும்போதே எனக்கு உறுத்துது.

ஜனவரி 12, காலை 6:50

ராத்திரி முழுக்க உறுத்துச்சு, காலைல அலமாரியத் தெறந்து என் பேட்டரிங்கள எடுத்து வரிசையா வச்சேன். கேக்காமலே ஒரு வாக்குமூலம்.

கிட்டோட வந்த ரெண்டு 5 ஆம்ப் ஹவர். அந்த ஆர்வத்துல தனியா வாங்கின இன்னொண்ணு. ஆக மூணு. ஆறு வருஷத்துல நான் போட்ட ஓட்டை, திருகு எல்லாம் கூட்டினாலும் ஒரு பேட்டரிய அம்பது தடவை சார்ஜ் போட்டிருக்க மாட்டேன். நூத்துக்கணக்கா தாங்கும்னு சொல்ற சாமான் அது. ஆனா இன்னிக்கு நெலமை இப்படி:

ஒண்ணு நல்லா இருக்கு. எப்பவும் ட்ரில்லோட கெடந்து, பாதிலயே அலைஞ்சுட்டு இருந்தது அதுதான்.

ரெண்டாவத, "எப்ப வேணாலும் ரெடியா இருக்கட்டும்"னு ஃபுல் சார்ஜ் போட்டு பரண் மேல வச்சிருந்தேன், மேல தகரக் கூரை, வெயில்ல அடுப்பு மாதிரி. ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்தா பேட்டரில சார்ஜ் காட்டுற நாலு லைட்டும் ஜம்முனு எரியுது. ட்ரில்லப் போட்டு நாலு திருகு இறக்கினேன், நாலு லைட்டு ஒண்ணாச்சு, அஞ்சாவது திருகுல படுத்துடுச்சு. லைட்டு வோல்ட்டப் பாத்துதான் எரியுது, உள்ள எவ்ளோ சரக்கு மிச்சம்னு அதுக்கு எங்க தெரியும். கழுதை தேஞ்சு கட்டெறும்பு.

மூணாவது கிரைண்டர்ல காலியாகி நின்னுச்சு, "நாளைக்கு சார்ஜ் போடலாம்"னு பையில போட்டேன். அந்த நாளைக்கு ஒன்றரை வருஷம் கழிச்சு வந்துச்சு. சார்ஜர் செவப்பா வெட்டி வெட்டி மின்னுது, ஏத்த மாட்டேங்குது. மீட்டர் வச்சா 9.2. அஞ்சால வகுத்தா செல்லுக்கு ரெண்டு வோல்ட்டு கூட இல்ல.

அதாவது எதுவுமே உழைச்சுச் சாகல. சும்மா இருந்தே செத்துச்சு. லித்தியம் செல்லு உபயோகிச்சாலும் வயசாகும், உபயோகிக்காட்டியும் வயசாகும். ஃபுல் சார்ஜும் சூடும் சேந்தா அது இன்னும் வேகம். வீட்டு ஆளுங்க நமக்கு இதுதான் எமன். நாள் பூரா தச்சு வேலை பாக்கிறவருக்கு பேட்டரி வேலை செஞ்சு தேயும், அவருக்கு அஞ்சு பேட்டரி நியாயம். அவருக்கான கணக்க நம்ம தலைல கட்டிட்டாங்க, நானும் 9ஆம் தேதி அதையே உங்க தலைல கட்டப் பாத்தேன்.

ஜனவரி 12, காலை 11:10

அந்த 9.2 வோல்ட் பேட்டரிய, நல்ல பேட்டரியோட வயர் போட்டு ரெண்டு நிமிஷம் தட்டி எழுப்பலாம், வீடியோ எல்லாம் இருக்குன்னு சொன்னவருக்கு: வேணாம் அண்ணே. அவ்ளோ கீழ போன செல்லுக்குள்ள செம்புத் தகடு கரைஞ்சு, அப்புறம் சார்ஜ் ஏத்தும்போது அது ஏடாகூடமான எடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆக வழி இருக்கு. சார்ஜர் மாட்டேன்னு சொல்றது சோம்பேறித்தனத்துல இல்ல. இன்னொண்ணும் ஒத்துக்கிறேன், பழைய பேட்டரி ஒண்ண நானும் அப்படி எழுப்பியிருக்கேன். எழுந்துச்சு. சார்ஜர்ல அரை மணி நேரத்துல டப்பா ஒரு பக்கம் மட்டும் சுட்டுச்சு, மத்தப் பக்கம் ஜில்லுன்னு இருக்கு. புடுங்கி மொட்டை மாடில மணல் தொட்டில வச்சுட்டு ராத்திரி நாலு தடவை எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். அந்தத் தூக்கத்த யாரும் திருப்பித் தரல.

குப்பைத் தொட்டிலயும் போடாதீங்க. முனைல இன்சுலேஷன் டேப் ஒட்டி, பேட்டரி திரும்ப வாங்குற எடத்துல குடுத்துடுங்க.

ஜனவரி 12, மதியம் 3:00

எப்படித்தான் வைக்கணும்னா: நாலு லைட்டுல ரெண்டு எரியிற அளவு, மீட்டர் இருந்தா 18.5, 19 பக்கம். வெயில் படாத, வீட்லயே ஜில்லுன்னு இருக்கிற மூலை. டூல்ல இருந்து கழட்டி. நாலஞ்சு மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாருங்க. வேலைக்கு முந்தின ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டாப் போதும். "மொத்தமா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்"ங்கிறது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு, இதுக்கு அது வெஷம். வேலை முடிச்சுச் சூடா இருக்கிறத உடனே சார்ஜர்ல சொருகாதீங்க, ஆறட்டும். பனி கொட்டுற ஊர்ல இருக்கிறவங்க உறையிற குளிர்ல சார்ஜ் போடாதீங்க, அதுவும் செல்லக் கெடுக்கும்.

ஜனவரி 13, ராத்திரி 11:15

சரி, முழுசா வாபஸ். 9ஆம் தேதி சொன்ன 18 வோல்ட், பெரிய பேட்டரி ரெண்டு, எல்லாம் வாபஸ்.

உங்க லிஸ்ட்ட திரும்பப் படிச்சேன். கீல், ஷெல்ஃப், கர்ட்டன் ராடு. கீலு இருக்கிறது அலமாரிக்கு உள்ள. ஒரு கையால கதவத் தாங்கிக்கிட்டு, தலைய உள்ள விட்டு, இன்னொரு கையால ட்ரில்லப் புடிக்கணும். 5 ஆம்ப் ஹவர் மாட்டின 18 வோல்ட் ரெண்டு கிலோவுக்குப் பக்கத்துல வரும். 12 வோல்ட் சின்னது ஒரு கிலோவுக்குப் பக்கம், நீளமும் கம்மி. தங்கச்சி வீட்ல ஒண்ணு இருக்கு. அவங்க வீட்டு அடுப்படி அலமாரி மொத்தத்துக்கும் கீல் மாத்தினப்ப அதத்தான் வச்சிருந்தேன். மணிக்கட்டு வலிக்கல. வலிக்காம இருந்தப்புறம்தான் இத்தனை நாள் வலிச்சிருக்குன்னே தெரிஞ்சுது.

அதனால இப்போ கேட்டா: 12 வோல்ட் ட்ரில் டிரைவர், 2 ஆம்ப் ஹவர் ஒண்ணு, மனசு கேக்கலைன்னா ரெண்டு. சுவர் ஓட்டைக்கு வயர் வச்சது. கிரைண்டர், ரம்பம் வேணும்னா அதுவும் வயர் வச்சதே. பத்து வருஷம் சும்மா கெடந்தாலும் சொருகினா ஓடும், கோவிச்சுக்காது.

விதிவிலக்கு இருக்கு. தோட்டம் இருக்கு, புல்லு வெட்டுற மெஷினு, எல வாருற ஊதுகுழலு எல்லாம் பேட்டரில ஓட்டப் போறீங்க, வாரா வாரம் ஓடும்னா 18 வோல்ட்தான். பேட்டரி தூங்காது.

ஜனவரி 14, மதியம் 12:30

"பேட்டரி கம்பெனி மாத்தினா என்ன, அடாப்டர் இருக்கே"ன்னு கேள்வி.

பேட்டரி இல்லாத வெறும் டூல் மலிவு, பேட்டரிதான் காசப் புடுங்கும், சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு இதுக்குத்தான் எழுதி வச்சாங்கபோல. ரயோபி 1996ல ஆரம்பிச்ச ஒன் பிளஸ் பேட்டரி வடிவத்த இன்னும் மாத்தாம வச்சிருக்கு. ஜெர்மனில 2018ல மெட்டாபோ தொடங்கி வச்ச சிஏஎஸ் கூட்டணில பல கம்பெனிக்கு ஒரே பேட்டரி. போஷ் 18 வோல்ட்ல பச்சை டூல் பேட்டரி வேற, நீல டூல் பேட்டரி வேற, பேரு ஒண்ணுதானேன்னு வாங்கி முழிக்காதீங்க. மில்வாக்கில எம்12 பேட்டரி எம்18 டூல்ல ஏறாது. வாங்கும்போதே "அடுத்து எனக்கு என்ன டூல் வேணும், அது இதுல இருக்கா"ன்னு ஒரு தடவை பாருங்க, அது போதும்.

அடாப்டர்ல ஒரு வில்லங்கம் இருக்கு. "போதும், இதுக்குக் கீழ போகாத"ன்னு நிறுத்துற காவல்காரன் சில பேட்டரில உள்ளயே இருக்கான், சிலதுல டூலுக்குள்ள இருக்கான். மாத்தி மாட்டினா ரெண்டு பக்கமும் காவல் இல்லாம பேட்டரி அடிமட்டம் வரைக்கும் போயிடும். என் 9.2 மாதிரி.

காப்பி பேட்டரி பத்தியும்: 6 ஆம்ப் ஹவர்னு ஒட்டின ஒண்ணு, பேர் சொல்லல, வாங்கினேன். கையில தூக்கினதுமே சந்தேகம். தராசுல வச்சேன், என் பழைய 2 ஆம்ப் ஹவர விட கொஞ்சம்தான் கூட. 18650 செல்லு ஒண்ணு 45 கிராமுக்கு மேல இருக்கும், பத்து செல்லுன்னா செல்லு மட்டுமே அரை கிலோ கிட்ட வந்தாகணும். ஸ்டிக்கர்ல என்ன வேணா அடிக்கலாம், எடைய அடிக்க முடியாது.

ஜனவரி 14, ராத்திரி 8:20

தலைப்புக்கு சம்பந்தமில்லாம: கார்ட்லெஸ் ட்ரில்ல நாசாதான் நிலாவுக்காகக் கண்டுபிடிச்சுதுன்னு ஒருத்தர் போட்டிருக்கார். பிளாக் அண்ட் டெக்கர் 1961லயே கார்ட்லெஸ் ட்ரில் வித்துட்டு இருந்தாங்க, நிக்கல் காட்மியம் பேட்டரி வச்சு. நிலாவுல மண்ணத் தோண்டின ட்ரில் 1971ல அப்பல்லோ 15ல போச்சு, அதுலயும் அவங்க கை இருந்துச்சு. வரிசை அப்படி.

விமானத்துல கொண்டு போறதுக்கும் சேத்து: வோல்ட்ட ஆம்ப் ஹவரால பெருக்குங்க. 18 பெருக்கல் 5, 90 வாட் ஹவர், 100க்குள்ள. 6 ஆம்ப் ஹவர்னா 108, விமானக் கம்பெனிகிட்ட முன்கூட்டியே அனுமதி கேக்கணும். தனிப் பேட்டரிய செக் இன் பெட்டில போடக்கூடாது, கைப்பைலதான்.

ஜனவரி 15, காலை 9:00

இம்பாக்ட் வேணுமா வேணாமான்னு ஒரு சண்டை மேல ஓடுது, நான் நடுவுல வரல. ஒண்ணு மட்டும். இம்பாக்ட்ல கிளட்ச் இல்ல, அதாவது திருகு இறுகினதும் தானா விட்டுக் குடுக்காது. நீளத் திருக கட்டையில இறக்க அத அடிச்சுக்க ஆளில்ல, ஆனா ப்ளைவுட்ல கீல் திருகப் போட்டேன், "டர்ர்ர்"னு ஒரு செகண்ட்தான், திருகு உள்ள போய் சும்மா சுத்துது. ஓட்டை பெருசாயிடுச்சு. அப்புறம் பல்குத்துற குச்சி ரெண்டு, மரப் பசை, அது காயுற வரைக்கும் கதவு சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. ட்ரில் டிரைவர்ல கிளட்சுக்கு நம்பர் போட்ட வளையம் இருக்குல்ல, அத 5, 6ல வச்சு ஆரம்பிங்க, பத்தலைன்னா ஏத்துங்க.

பிட்டு பத்தி இன்னும் யாருமே பேசல, யானை வாங்கிட்டு அங்குசத்துக்கு கணக்குப் பாக்கிற கதை. உங்க கீல் திருகோட தலைய வெளிச்சத்துல பாருங்க. வெறும் பிளஸ்ஸா, இல்ல பிளஸ்ஸுக்கு நடுவுல மெல்லிசா இன்னும் நாலு கோடு இருக்கா? கோடு இருந்தா அது பிஇசட் (போசிடிரைவ்), பிஎச் (ஃபிலிப்ஸ், வெறும் பிளஸ்) பிட்டப் போட்டா துள்ளித் துள்ளி வெளிய வந்து தலையத் தின்னுடும். நான் நாலு வருஷம் "இந்தத் திருகெல்லாம் மட்டம்"னு திட்டிட்டு இருந்தேன். மட்டம் திருகு இல்ல.

ஜனவரி 22, ராத்திரி 10:05

கேள்வி கேட்டவர் வாங்கிட்டாராம். 18 வோல்ட், அந்தப் பெரிய கிட், ரெண்டு 5 ஆம்ப் ஹவர். நான் வாபஸ் வாங்குறதுக்கு முன்னாடியே, 10ஆம் தேதி காலைலயே ஆர்டர் போட்டுட்டாராம், "நீங்கதானே யோசிக்காம வாங்குங்கன்னீங்க"ங்கிறார். மரை கழண்டது எனக்குத்தான், மன்னிச்சிடுங்க தம்பி.

ஒரு பேட்டரிய இப்பவே ரெண்டு லைட்டுக்கு இறக்கி உள் அறைல வைங்க, இன்னொண்ண மட்டும் ஓட்டுங்க, மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டையும் மாத்திக்கங்க. ட்ரில்ல முன்பக்கம் ஹேண்டில் ஒண்ணு டப்பாக்குள்ள தனியா கெடக்கும், சுவர்ல போடும்போது அத மாட்டுங்க, பிட்டு கம்பில சிக்கினா மணிக்கட்டு சுத்திடும். கண்ணாடி போட்டுக்கங்க. ஜன்னலுக்கு மேல என்ன சுவர்னு இன்னும் நீங்க சொல்லவே இல்ல.

ஜனவரி 23, காலை 7:10

லிண்டலாம். 9 எம்எம் வந்துச்சாம். என்ன விட ஒரு எம்எம் கூட.